மீன் மீது பழி போட்ட இரவு

எங்கள் அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. "அவர்கள் பீர் எல்லா ஊரிலும் குடித்தாயிற்று. நம் பக்கத்து ஒயினை நம் சாப்பாட்டோடு கொடுங்கள். இடத்தை நீங்களே பார்த்து வையுங்கள், உங்களுக்குத் தெரியாததா?" என்றார் மேலாளர். எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை அங்கேயே சொல்லியிருந்தால் 12,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். பதவி உயர்வு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதுவரை எனக்குத் தெரிந்த ஒயின், சிறு வயதில் பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒரு சின்னக் கோப்பையில் தந்த இனிப்பு ஒயின்தான். நம்மில் பலர் ஒயின் என்றாலே இனிக்கும் என்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற 'பெங்களூர் புளூ' திராட்சை சாறுக்கும் ஜாமுக்கும் ஏற்றது. அதைக் கொண்டு செய்யும் மலிவான இனிப்பு 'போர்ட்' வகைகள்தான் நெடுநாளாக நம் பக்கம் புழங்கி வந்தன. இன்று பார்களில் கிடைக்கும் ஷிராஸ், கேபர்னே என்னும் சிவப்பு ஒயின்கள் வேறு சாதி. அவற்றில் சர்க்கரை கிட்டத்தட்ட இருக்காது. இதுகூடத் தெரியாமல்தான் ஒத்திகை பார்க்கக் கிளம்பினேன். விருந்தினர் முன்னால் அசடு வழிவதைவிட, தனியாகப் போய் அசடு வழிந்துவிட்டு வரலாம் என்பது என் கணக்கு.

முதல் இடம் பெங்களூர் இந்திராநகரில். ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. இதுவே முதல் தவறு. கூட்டம் நெரியும் நேரத்தில் யாரும் உங்களுக்கு எதையும் விளக்க மாட்டார்கள். உயரமான முக்காலியில் உட்காரவைத்தார்கள், கால் தரையில் படவில்லை. மெனுவைப் படிக்க முடியாத அளவுக்கு அரை இருட்டு. கைபேசி விளக்கை அடிக்க வெட்கம். தனியாக வந்த பெண்ணைப் பக்கத்து மேசைக்காரர்கள் ஒருமுறை பார்த்தார்கள், பிறகு இன்னொரு முறை பார்த்தார்கள். வெயிட்டர் வந்து, "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா மேடம்?" என்றார். ஒயினைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, விவரம் தெரிந்தவள் போல "ஸ்டில்" என்றேன். வந்தது கண்ணாடி பாட்டிலில் தண்ணீர், விலை 290 ரூபாய். உட்கார்ந்ததும் இந்தக் கேள்வி வந்தால் அது தண்ணீரைப் பற்றியது, ஸ்டில் என்றால் வாயு இல்லாதது, ஸ்பார்க்ளிங் என்றால் வாயு கலந்தது. "சாதாரணக் குடிநீர் போதும்" என்று சொன்னால் தந்துவிடுவார்கள்.

மெனுவில் வாயில் நுழைந்த ஒரே பெயர் ஷிராஸ், கோப்பை 850 ரூபாய். தொட்டுக்கொள்ளக் குண்டூர் மிளகாய் இறால், 795 ரூபாய். இறால் வந்ததும் இரண்டைத் தின்றேன், நல்ல காரம். எரிச்சலை அணைக்க ஒயினை ஒரு வாய் குடித்தேன். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. நாக்கு வறண்டு கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது, காது சுட்டது. இன்னொரு வாய் குடித்தால் அடங்கும் என்று குடித்தேன். அடங்கவில்லை. இப்படியே இரண்டு கோப்பை போயிற்று.

அன்று புரியாதது, பிறகு தேடிப் படித்தபோது புரிந்தது. நாக்கில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு ஏற்பி இருக்கிறது. சாதாரணமாக அது 42, 43 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கிளர்ச்சியடையும். மிளகாயில் உள்ள கேப்சைசினும் அதையேதான் தூண்டுகிறது. அதனால்தான் ஆறிப்போன மிளகாய் பஜ்ஜியும் 'எரிகிறது'. ஆல்கஹால் அந்த ஏற்பியின் வரம்பைச் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது என்று 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் உடம்புச் சூடே 37. மிளகாயோடு ஆல்கஹால் அதிகமுள்ள ஒயினைச் சேர்த்தால் சொந்த வாயின் வெப்பமே சுடும். இதன்மேல் துவர்ப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

துவர்ப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் 'டானின்' என்றால் என்ன என்று பத்தி பத்தியாக விளக்குகிறார்கள். நமக்கு அது தேவையில்லை, அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். சரியாக ஆயாத வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, பச்சை நெல்லிக்காய் இவற்றைக் கடித்தால் பல்லிலும் ஈறிலும் ஏறுகிற அந்தப் பிடிப்புதான் டானின். எச்சிலில் வழுவழுப்புத் தரும் புரதங்களை அது பற்றிக்கொள்வதால் வாய் சொரசொரப்பாகிறது. சிவப்புத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் ஊறவைப்பதால் சிவப்பு ஒயினில் துவர்ப்பு அதிகம். வெள்ளை ஒயினில் பெரும்பாலும் சாறை மட்டும் பிழிந்து நொதிக்க விடுவதால் குறைவு. காரமான இறாலைத் தின்றுவிட்டு வாழைப்பூச் சாறு குடிப்பீர்களா என்று என்னை நானே கேட்டிருந்தால் அன்று ஷிராஸைத் தொட்டிருக்க மாட்டேன்.

எரிச்சல் தாங்காமல் கடைசியாக ஒரு வெள்ளை ஒயின் கேட்டேன், 750 ரூபாய். நிறம் கொஞ்சம் மங்கலாக, வெட்டிவைத்துக் கருத்த ஆப்பிள் போல ஒரு வாடை அடித்தது. பின்னால் லேசான காடிப் புளிப்பு. இதுதான் இதன் ருசி போலிருக்கிறது, நமக்குத்தான் நாக்கு இல்லை என்று நினைத்து முழுவதையும் குடித்தேன். பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சம். நடுவில் 1,150 ரூபாய்க்கு ஒரு பாலாடைக்கட்டித் தட்டு வேறு. பில் 5,265 ரூபாய். அதில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்ததைக் கவனிக்காமல் மேலும் 200 ரூபாய் டிப்ஸ் வைத்துவிட்டு வந்தேன்.

பில்லை இருட்டில் மடித்துப் பைக்குள் வைக்காதீர்கள். சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. "இதை எடுத்துவிடுங்கள்" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும், பிறகு ஒரு தடவை நான் சொன்னேன், மறு பேச்சின்றி எடுத்துவிட்டார்கள். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. சாப்பாட்டுக்குத்தான் ஜிஎஸ்டி, மதுவுக்கு அது கிடையாது, மாநில வரி வேறு. பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு மடத்தனம், ஸ்கூட்டரில் போயிருந்தேன். நல்லவேளை, அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வரும் புத்தி இருந்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுநாள் தலை பாரத்தோடு வண்டியை எடுக்கப் போனபோது, காலை வெளிச்சத்தில் அந்த இடம் சாதாரணக் கடையாகத் தெரிந்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இரண்டாவது இடம் லாவெல் சாலை பக்கம், அடுத்த புதன்கிழமை. இந்த முறை படித்துவிட்டுப் போனேன், அரைகுறையாக. 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை. கோப்பை 900, பாட்டில் 3,900. பாட்டிலாக வாங்கினால் 600 ரூபாய் லாபம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து கோப்பையை யார் குடிப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. கர்நாடகக் கேபர்னே ஒன்றைச் சொன்னேன், கூடவே வஞ்சிரம் தவா வறுவல்.

வெயிட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். நான் தலையாட்டினேன். மூடியைத் திருகித் திறந்து கோப்பையில் இரண்டு மடக்கு அளவு மட்டும் ஊற்றிவிட்டு நின்றார். நானும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 3,900 ரூபாய்க்கு இவ்வளவுதானா என்று மனதுக்குள் ஓடியது. அவர் நிற்கிறார், நான் பார்க்கிறேன். ஒரு நிமிடமாவது ஓடியிருக்கும். கடைசியில் "ஊற்றுங்கள்" என்றேன், முகர்ந்துகூடப் பார்க்காமல். அந்த இரண்டு மடக்கு, பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக ஊற்றுவது அல்ல. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முகர்ந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் தக்கையால் வந்த கோளாறு. காடி வாடை, நகப்பூச்சு வாடை என்றால் ஒயின் காடியாகத் திரியத் தொடங்கிவிட்டது. இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும், சொன்னால் வேறு பாட்டில் திறப்பார்கள். நம் நாட்டு ஒயின்கள் பலவும் திருகு மூடியில் வருவதால் தக்கைக் கோளாறு இங்கே குறைவு. திருகு மூடி என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம்.

வஞ்சிரம் வந்தது. ஒரு துண்டு வாயில் போட்டு, ஒயினைக் குடித்தேன். துருப்பிடித்த சாவியை வாயில் போட்டுச் சப்பியதுபோல் ஒரு உலோக ருசி, தொண்டைவரை கவிச்சி. மீன் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் நாள் எல்லாவற்றையும் வாய்மூடி விழுங்கிய ஆத்திரம் வேறு. குரலை உயர்த்தியே சொன்னேன், "இந்த மீன் கெட்டது, எடுத்துப்போங்கள்." தட்டு உள்ளே போனது. சமையல்காரர் வெளியே வந்து, கடலிலிருந்து காலையில் வந்த மீன் என்று ஆங்கிலத்தில் விளக்கினார், அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் விடவில்லை. தமிழில் எனக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்திருப்பேன் போலிருக்கிறது. அந்த வெயிட்டர் பையன் குனிந்து, "அக்கா, தமிழா? எனக்குக் கிருஷ்ணகிரி" என்றான். பிறகு மெதுவாக, "மீனில் குறை இல்லை, அக்கா. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள்" என்றான்.

சாப்பிட்டேன். அருமையான வஞ்சிரம்.

"சிவப்பு ஒயினோடு எண்ணெய்ச் சத்துள்ள மீன் சேர்ந்தால் இப்படித்தான் அக்கா, தினமும் யாராவது ஒருவர் திருப்பி அனுப்புவார்கள்" என்று என் மானத்தைக் காப்பாற்றினான். உண்மையில் இதற்கும் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒயினில் உள்ள இரும்புச் சத்துதான் மீன் கொழுப்போடு வினைபுரிந்து அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாச் சிவப்பு ஒயினும் அப்படியல்ல, இரும்பு குறைந்தவை தப்பிக்கும். ஆனால் கோப்பையைப் பார்த்து இரும்பைக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே மீனுக்கு வெள்ளை என்று வைத்துக்கொள்வது பிழைக்கும் வழி. சமையல்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு கோப்பைக்கு மேல் குடிக்க முடியவில்லை. பில் 6,130. பாதிக்குச் சற்று மேல் மிஞ்சிய பாட்டிலை என்ன செய்வது என்று விழித்தேன். "குளிர்பெட்டியில் வைக்கிறேன், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாருங்கள் அக்கா, அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். ஒன்று காட்டுகிறேன்" என்றான். இரண்டு இரவும் ஆட்டோவும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 12,000 தொட்டிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் பணத்துக்காகத் திட்டுவாளா, குடித்ததற்காகத் திட்டுவாளா என்று முடிவு செய்யவே அவளுக்கு ஒரு வாரம் ஆகும்.

சனிக்கிழமை போனேன். பாட்டிலின் கழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பந்துமுனைப் பேனாவால், தமிழில், 'அக்கா, புதன்' என்று எழுதியிருந்தான். அதில் கொஞ்சம் ஊற்றி, பக்கத்தில் அதே ஒயினைப் புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினான். புதியதில் நாவல் பழமும் மிளகும் போல ஒரு மணம் எழுந்தது. புதன்கிழமை பாட்டிலில் அந்தப் பழ மணம் போய், ஏதோ ஒரு தட்டையான புளிப்பு. கெட்டுவிடவில்லை, ஆனால் உயிர் பாதி போயிருந்தது. முதல் இடத்தில் நான் குடித்த அந்த வெள்ளை, இதே வழியில் வெகுதூரம் போன ஒன்று என்று அப்போதுதான் உறைத்தது. காற்றுப்பட்டு ஆறிப்போன ஒயினை 750 ரூபாய் கொடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறேன்.

அன்று அவனிடம் கற்றதில் பாதிக்கு மேல், எதைக் கேட்பது என்பதுதான். கோப்பைக் கணக்கில் வாங்கும்போது, "இந்தப் பாட்டில் என்றைக்குத் திறந்தது?" என்று கேளுங்கள். குளிரில் வைத்திருந்தால் மூன்று நாள் வரை தாங்கும், நுரை ஒயின் மறுநாளே அடங்கிவிடும். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஒயினுக்குத் தாவிவிடுங்கள். திறந்திருக்கும் பாட்டில் என்றால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம். நல்ல இடங்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை. கோப்பை 150 மில்லியா, 125 மில்லியா என்றும் கேளுங்கள், விலை அதே இருந்து அளவு குறைவதும் உண்டு. வெள்ளை ஒயின் இந்திய ஒயினாக இருந்தால் சீட்டில் உள்ள, திராட்சை அறுத்த ஆண்டைப் பாருங்கள். ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுப்பார்கள். இங்கே கோடைக்கும் மழைக்கும் தப்பி, ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஏறக்குறைய ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுப்பார்கள். எளிய வெள்ளை ஒயின்கள் புதிதாக இருக்கும்போதுதான் ருசி.

சூடு இன்னொரு விஷயம். 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு' என்ற பேச்சு குளிர்நாட்டு அறையிலிருந்து வந்தது. 16, 18 டிகிரியைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். நம் ஊர் அலமாரியில் 28 டிகிரியில் நின்ற சிவப்பு ஒயின் மூக்கில் ஆல்கஹாலாக ஏறும். "பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வையுங்கள்" என்று சொல்லக் கூசாதீர்கள். நான் முதலில் இதைச் சொன்னபோது என்னை ஏளனமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பையன், "தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள் அக்கா" என்றான்.

பிறகு சாப்பாடு. மிளகாய்க் காரத்துக்கு, துளி இனிப்புள்ள, குளிர்ந்த, ஆல்கஹால் குறைந்த வெள்ளை. நாசிக்கில் 2000-இல் தன் முதல் ஒயினைக் கொண்டுவந்த சூலா நிறுவனத்தின் ஷெனின் பிளாங்க் அந்த ரகம். அதே குண்டூர் இறாலை ஒத்த ஒன்றோடு குடித்தேன், எரிச்சல் ஒரு படி இறங்கியது. புளி சேர்ந்த குழம்புக்கு ஒயினிலும் புளிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் தண்ணீராகத் தெரியும். சாவின்யான் பிளாங்க் என்னும் வெள்ளை இதற்குச் சரி. வீட்டில் அம்மா வைத்த மீன்குழம்போடும் ரகசியமாகச் சோதித்தேன், குழம்புதான் வென்றது. ஆனால் சண்டை இல்லை. எண்ணெயில் பொரித்த எதற்கும் நுரை ஒயின் நன்றாக இருக்கும், நாக்கில் படிந்த எண்ணெயை வழித்து எடுத்துவிடும். தக்காளி, பூண்டு தூக்கலாக இருந்தால் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் ஃப்ராடெல்லி நிறுவனத்தார் விளைவிக்கும் சான்ஜியோவேசே என்னும் சிவப்பு. துவர்ப்புள்ள சிவப்பை எங்கே வைப்பது என்றால், கொழுப்புள்ள ஆட்டுக்கறியோடு. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் க்ரோவர் தோட்டத்தில் எடுக்கும் லா ரிசர்வ், கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. மிளகாய் குறைத்து மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறியோடு அதைக் குடித்தபோது, முதல் நாள் ஷிராஸ் மீது இருந்த கோபம் போய்விட்டது. இனிப்புப் பண்டத்தோடு மட்டும் சாதாரண ஒயின் வேண்டாம். பண்டம் ஒயினைவிட இனித்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். என்னைக் கேட்டால், குலாப் ஜாமூனோடு காப்பியே மேல்.

இவ்வளவையும் ஒரே மாலையில் எப்படி ருசி பார்த்தாய் என்று கேட்பீர்கள். அரைக் கோப்பை தருவார்கள், கேட்டால். மூன்று அரைக் கோப்பை, நடுநடுவே ஒரு கோப்பை தண்ணீர், போவதற்கு முன் வீட்டில் நாலு இட்லி. வெறும் வயிற்றில் போகவே கூடாது. மற்றவற்றை அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தேன். அன்றைய பில் 1,900 சொச்சம்.

விருந்தினர்கள் வந்த நாளில் அதே இடத்தில் மேசை பிடித்தேன், மாலை ஆறரைக்கு. என்ன சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லி, எந்த ஒயின் எப்போது என்று அந்தப் பையனோடு பேசி வைத்திருந்தேன். முதலில் நுரை ஒயினும் வாழைக்காய் வறுவலும் வந்தன. அடுத்து ஷெனின். பையன் இரண்டு மடக்கு ஊற்றிவிட்டு நின்றான். மேலாளர் கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எடுத்து முகர்ந்தேன். வெட்டிவைத்த ஆப்பிள்.

"தம்பி, இது திறந்து எத்தனை நாள் ஆயிற்று?" என்றேன்.

அவன் பாட்டிலின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். "மன்னியுங்கள் அக்கா, முந்தாநாள் ஷிஃப்டில் திறந்து வெளியே வைத்துவிட்டார்கள்" என்று எடுத்துப் போய், புதிதாக ஒன்றைத் திறந்து கொண்டுவந்தான்.